புகார் கொடுத்தும் அந்த ரீல்ஸ் ஏன் நீங்கவில்லை? வெறுப்புப் பேச்சு பரவும் விதமும் தடுக்கப்படும் விதமும்

தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் கோயில் திருவிழா வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் முன்பே, ஊரின் ஒரு சாதியாரை இழிவுபடுத்தும் 30 விநாடி ரீல்ஸ் ஒன்று இன்ஸ்டாகிராமில் சுற்றத் தொடங்குகிறது. பார்த்தவர்கள் சிலர் புகார் பொத்தானை அழுத்துகிறார்கள். அந்தப் பதிவு சமூக விதிமுறைகளை மீறவில்லை என்று பதில் வருகிறது. அதே வாரத்தில், அந்த ரீல்ஸில் சொல்லப்பட்ட வசவை எடுத்துக்காட்டிக் கண்டித்து எழுதிய ஒருவரின் பதிவு மட்டும் நீக்கப்படுகிறது.

இது கற்பனை எடுத்துக்காட்டுதான். ஆனால் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் சமூக ஊடகம் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த இரண்டு கேள்விகளும் புதியவை அல்ல: தவறானது ஏன் நிற்கிறது, சரியானது ஏன் போகிறது? பலர் இதை நிறுவனத்தின் சதி என்கிறார்கள். வேறு சிலர் தொழில்நுட்பக் கோளாறு என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. எந்தச் சொல் எந்த ஊரில் யாரைக் குத்தும் என்பது ஊருக்குத் தெரியும். முடிவெடுக்கும் இடத்துக்குத் தெரியாது.

எது வெறுப்புப் பேச்சு, எது இல்லை

ஒருவரைத் திட்டுவது எல்லாம் வெறுப்புப் பேச்சு ஆகாது. ஒரு கட்சியை, ஒரு தலைவரை, ஒரு மதத்தின் கொள்கையைக் கடுமையாக விமர்சிப்பதும் ஆகாது. பிறப்பு, சாதி, மதம், மொழி, பாலினம், உடற்குறை போன்ற ஒன்றை வைத்து ஒரு மக்கள் கூட்டத்தையோ, அதில் ஒருவரையோ மனிதரிலும் தாழ்ந்தவராகக் காட்டுவது, ஒதுக்கிவைக்கச் சொல்வது, தாக்கத் தூண்டுவது ஆகியவைதான் பொதுவாக வெறுப்புப் பேச்சு எனப்படுகின்றன.

இந்திய மத்தியச் சட்டங்களில் இதற்கென ஒரே வரையறை இல்லை. சட்ட ஆணையம் 2017 மார்ச்சில் கொடுத்த 267ஆவது அறிக்கையில் தனிப் பிரிவுகள் சேர்க்கப் பரிந்துரைத்தது. ஆனால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்தச் சொல்லுக்கு வரையறை இடம்பெறவில்லை. பகையை வளர்த்தல், மத உணர்வைப் புண்படுத்துதல் என்று தனித்தனிக் குற்றங்களாகவே இருக்கின்றன.

நிறுவனங்களுக்கு அவரவர் விதி உண்டு. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டாவும், யூடியூபும், எக்ஸ் தளமும் தங்கள் விதிகளில் பாதுகாக்கப்படும் அடையாளங்களில் சாதியையும் சேர்த்திருக்கின்றன. ஆக, சாதி வெறுப்பை நீக்க விதி இல்லை என்று அவர்கள் சொல்ல முடியாது. விதி இருக்கிறது, அதை அடையாளம் கண்டு நடைமுறைப்படுத்துவதில்தான் ஓட்டை. பதிவுகளைப் பார்த்து, விட்டுவைப்பதா, மறைப்பதா, நீக்குவதா என்று முடிவெடுக்கும் இந்த வேலைக்கு மட்டுறுத்தல் என்று பெயர்.

பரவுவது எப்படி

சமூக ஊடகத்தில் நமக்கு முன் வரும் பதிவுகள் நேர வரிசையில் வருவதில்லை. எதை மேலே காட்டினால் நாம் அதிக நேரம் நிற்போம், கருத்திடுவோம், பகிர்வோம் என்று கணித்து ஒரு மென்பொருள் வரிசைப்படுத்துகிறது. பேஸ்புக் 2017இல் கோப முகக்குறிக்கு ஒரு சாதாரண லைக்கைப் போல 5 மடங்கு மதிப்பு கொடுத்திருந்தது. பிறகு படிப்படியாகக் குறைத்து 2020இல் அந்த மதிப்பைச் சுழியமாக்கியது. 2021இல் வெளியான அந்நிறுவனத்தின் உள் ஆவணங்களிலிருந்து இது உலகுக்குத் தெரியவந்தது. கோபம் மூட்டிய பதிவு அந்த ஆண்டுகளில் தானாகவே மேலே ஏறியிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விளைவு உண்டு. ஒரு சாதிவெறி ரீல்ஸின் கீழே நூறு பேர் போய்த் திட்டினால், மென்பொருளின் கணக்கில் அது நூறு கருத்து. திட்டா, பாராட்டா என்பதைவிட அது பார்ப்பது அசைவை. ஆத்திரத்தில் கண்டிக்கிறவரும், ‘இந்த அநியாயத்தைப் பாருங்கள்’ என்று பகிர்கிறவரும் அறியாமல் அதற்குத் தோள் கொடுக்கிறார்கள்.

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, தமிழகத்தில் சாதிப் பெருமை காணொளிகள் ஓயும் என்று சிலர் நினைத்தார்கள். பழக்கம் அப்படியே ரீல்ஸுக்கும் ஷார்ட்ஸுக்கும் இடம் மாறியது. குருபூசைக் காலம், மஞ்சுவிரட்டு, தேரோட்டம் என்று ஊர் கூடும் நாட்களை ஒட்டி அவை பெருகுகின்றன.

வாட்ஸ்அப்பின் கதை வேறு. அங்கே வரிசைப்படுத்தும் மென்பொருள் இல்லை. கை மாறிக் கை மாறிப் போகிறது. 2018இல் குழந்தை கடத்தல் வதந்தி தமிழகத்திலும் உயிர்ப்பலி வாங்கியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி, பிள்ளை பிடிப்பவர் என்ற சந்தேகத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் வரம்பு வைத்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்று இறுக்கியது. இவை வேகத்தைக் குறைத்தன, அவ்வளவுதான். 2023 தொடக்கத்தில், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுவதாகச் சொல்லி, தொடர்பே இல்லாத பழைய காணொளிகள் பரவின. தமிழகக் காவல்துறை மறுப்பு வெளியிட்டு வழக்குகள் பதிந்தது. பீகாரிலிருந்து ஒரு குழு நேரில் வந்து பார்த்துவிட்டுப் போகும் அளவுக்கு அது முற்றியது.

செட்டிநாட்டு ஊர்க் குழுக்களுக்கு இன்னொரு தன்மை உண்டு. காரைக்குடியிலோ கண்டனூரிலோ இருப்பவரோடு சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாவில் இருப்பவரும் ஒரே குழுவில் இருப்பார். ஊரில் நடப்பதை நேரில் பார்க்காதவர், வந்ததை நம்பி, அக்கறையோடு மற்ற குழுக்களுக்கு அனுப்புகிறார். சரிபார்க்கப் பக்கத்தில் ஆள் இல்லை. அப்புறம் அதே செய்தி ‘வெளிநாட்டிலேயே பேசிக்கொள்கிறார்கள்’ என்ற எடையோடு ஊருக்குத் திரும்புகிறது. சிங்கப்பூரில் இன, மதப் பகையைத் தூண்டுவதற்குக் கடுமையான சட்டங்கள் இருக்கின்றன. அங்கிருந்து பகிர்கிறவர் அந்நாட்டுச் சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நீக்குகிற இயந்திரம் எப்படி வேலை செய்கிறது

1. ஏற்கெனவே நீக்கப்பட்ட படத்துக்கோ காணொளிக்கோ ஒரு எண் அடையாளம் எடுத்து வைத்துக்கொள்வார்கள். அதே கோப்பு மறுபடி ஏறினால் இயந்திரம் பிடித்துவிடும். 2019இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல் தாக்குதல் காணொளியின் 15 லட்சம் பிரதிகளை முதல் 24 மணி நேரத்தில் நீக்கியதாகவும், அவற்றில் 12 லட்சத்தை ஏறும்போதே தடுத்ததாகவும் பேஸ்புக் சொன்னது. மீதி 3 லட்சம் ஏறிய பிறகுதான் போனது. சற்று வெட்டியோ திருத்தியோ ஏற்றினால் அடையாளம் தப்பிவிடும்.

2. புதிய பதிவுகளை, பழகிய மாதிரிகளோடு ஒப்பிட்டு, வெறுப்பாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பெண் போடும் மென்பொருள். இதை வகைப்படுத்தி என்பார்கள்.

3. இயந்திரம் ஒதுக்கியதையும் பயனர் புகார் செய்ததையும் பார்க்கும் மனிதர்கள். பெரும்பாலும் ஒப்பந்த நிறுவன ஊழியர்கள். வந்து குவிவதில் சிறு பங்குதான் இவர்கள் கண்ணுக்கு வருகிறது.

இரண்டாவதுதான் இதயம். அதன் கணக்கு பலருக்கும் வியப்பாக இருக்கும் என்பதால் சற்று நிதானமாகப் பார்ப்போம். 10,000 தமிழ்ப் பதிவுகளில் 100 மட்டுமே வெறுப்புப் பதிவுகள் என்று கொள்வோம். 90 சதவீதம் சரியாகச் சொல்லும் ஒரு மென்பொருள் இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த 100இல் 90ஐப் பிடித்துவிடும், 10 தப்பும். ஆனால் மீதமுள்ள 9,900 நல்ல பதிவுகளிலும் 10 சதவீதம் தவறும். அதாவது 990 நல்ல பதிவுகள் வெறுப்பு என்று முத்திரை பெறும். மொத்தம் 1,080 பதிவுகள் சிக்கும். அவற்றில் உண்மையான வெறுப்பு 90, அதாவது 12இல் ஒன்று.

இப்படி நல்லதையெல்லாம் நீக்கினால் பயனர் கோபப்படுவார். எனவே, மிக உறுதியாகத் தெரிந்தால் மட்டும் நீக்கு என்று இயந்திரத்தின் வாசலை உயர்த்துவார்கள். தவறான நீக்கம் குறையும். கூடவே தப்பும் வெறுப்பும் கூடும். இந்த வாசலை எங்கே வைப்பது என்பதைத் தொழில்நுட்பம் தீர்மானிப்பதில்லை. நிறுவனம் தீர்மானிக்கிறது, தன் செலவையும் ஆதாயத்தையும் பார்த்து.

2025 ஜனவரி 7 அன்று மெட்டா செய்த மாற்றம் இந்த வாசலைப் பற்றியதுதான். செய்திகளில் அமெரிக்காவில் உண்மைச் சரிபார்ப்பாளர்களை விலக்கியது மட்டும் பெரிதாக அடிபட்டது. நமக்கு முக்கியமானது அந்த அறிவிப்பின் இன்னொரு பகுதி: பயங்கரவாதம், குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை போன்ற மிகக் கடுமையானவற்றை மட்டும் இயந்திரம் தானே தேடும், அதற்குக் குறைந்த மீறல்களுக்கு யாராவது புகார் செய்யும்வரை காத்திருக்கும், நீக்குவதற்கு முன் அதிக உறுதி வேண்டும். நீக்கியவற்றில் 10இல் ஒன்றிரண்டு தவறாக இருக்கலாம் என்பதை அவர்கள் காரணமாகச் சொன்னார்கள். காரணம் நியாயமே. ஆனால் சுமை இப்போது புகார் செய்கிறவர் தலைமேல்.

தமிழில், அதுவும் நம் பக்கத்துத் தமிழில்

இயந்திரம் மாதிரிகளைப் பார்த்துப் பழகுகிறது. ஆங்கிலத்துக்கு மாதிரிகள் குவிந்து கிடக்கின்றன. தமிழில் இழிசொல்லை அடையாளம் காணும் ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற பொதுத் தரவுகள் பெரும்பாலும் யூடியூபில் திரைப்பட முன்னோட்டங்களின் கீழே வந்த கருத்துகளிலிருந்து திரட்டப்பட்டவை. 2021இலிருந்து திராவிட மொழிகளுக்கான ஆய்வரங்குகளில் தமிழ் ஆய்வாளர்கள் இதில் நல்ல உழைப்பைக் கொடுத்து வருகிறார்கள். ஆனால் நடிகர்களின் ரசிகர்கள் போடும் சண்டையில் பழகிய இயந்திரம், வடம் பிடிக்கும் உரிமைக்கான சண்டையைப் புரிந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது.

கண்டதேவியை எடுத்துக்கொள்வோம். தேவகோட்டைக்குப் பக்கத்தில் உள்ள சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில். பட்டியல் சாதி மக்கள் தேர்வடம் பிடிப்பது பற்றிய பிணக்கும், நீதிமன்ற வழக்குகளும், காவல்துறைப் பாதுகாப்பும் அந்தத் தேரோட்டத்தின் வரலாற்றோடு கலந்தவை. பல ஆண்டுகள் நின்றிருந்த தேர் 2024 ஜூனில் ஓடியது. இந்தப் பின்புலம் தெரிந்தவர் ‘காலனிக்காரனுக்கு வடம் கேக்குதாக்கும்’ என்ற ஒரு வரியைப் படித்தால் அதில் உள்ள நஞ்சு உடனே உறைக்கும். இயந்திரத்துக்கு அதில் என்ன தெரியும்? காலனி என்றால் குடியிருப்பு. வடம் என்றால் கயிறு. வசவு இல்லை, மிரட்டல் இல்லை. விதிமுறையை மீறவில்லை என்று பதில் வரும். காலனி என்ற சொல் ஆதிக்கத்தின் அடையாளமாகவும் வசையாகவும் ஆகிவிட்டது என்று சொல்லித்தான் அதை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சட்டமன்றத்துக்குத் தெரிந்த அந்தப் பொருள், புகாரைப் படிக்கும் இயந்திரத்தின் பயிற்சியில் இல்லை.

இதற்கு நேர்மாறானதும் நடக்கிறது. கண்டித்து எழுதியவர், தன் மக்களை இழிவுபடுத்திய சொல்லை அப்படியே மேற்கோள் காட்டியிருப்பார். அந்தச் சொல் இயந்திரத்தின் பட்டியலில் இருக்கும். மேற்கோளா, வசவா என்று பிரிக்கத் தெரியாமல் அது பாதிக்கப்பட்டவரின் பதிவைத் தூக்கிவிடும். முதலில் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் விடை இதுதான்.

இன்னும் சில சிக்கல்கள்:

1. ஆங்கில எழுத்தில் தமிழ். ஒரே வசவை ஆளுக்கொரு விதமாக எழுத்துக்கூட்டுகிறார்கள். ‘ழ’ வரும் சொல்லுக்கே மூன்று நான்கு வடிவங்கள் இருக்கும். நடுவில் ஒரு எண்ணையோ நட்சத்திரக்குறியையோ போட்டால் இன்னும் ஒன்று.

2. நிறமும் குறியும். இரண்டு வண்ண இதயங்களை அடுத்தடுத்துப் போட்டால் எந்தச் சாதி என்று தென்மாவட்டப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. கையில் கட்டும் கயிறு திரையில் முகக்குறியாக இருக்கிறது. ஒரு அரிவாள் படம், ஒரு தேதி, ‘ஆண்ட பரம்பரை’ என்ற இரண்டு சொல் சேர்ந்தால் அது எதிர்த்தெருவுக்கு விடும் மிரட்டல். இயந்திரம் அதைப் பெருமை என்றே படிக்கும்.

3. ஒலி. ரீல்ஸில் எழுத்தே இருக்காது. ஒரு பாட்டின் வரியோ, வட்டாரப் பேச்சில் ஒரு கேலியோ போதும். பேச்சை எழுத்தாக்கும் கருவிகள் செய்தி வாசிப்பவரின் தமிழைப் பிடிக்கும் அளவுக்கு, சிவகங்கைப் பக்கம் வேகமாகப் பேசும் தமிழைப் பிடிப்பதில்லை.

மொழி தெரிந்த ஆட்களை வைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, செட்டிநாடு நன்கு அறிந்த ஒரு நாடே சாட்சி. நகரத்தார் கொண்டுவிற்கப் போன பர்மா, இந்தப் பெரிய வீடுகளின் தேக்குத் தூண்கள் வந்த பர்மா. அங்கே ரோஹிங்கியா மக்களுக்கு எதிரான வெறுப்பு பேஸ்புக்கில் ஆண்டுக்கணக்கில் பரவியது. 2015 தொடக்கத்தில் பர்மிய மொழி தெரிந்து பதிவுகளைப் பார்க்க அந்நிறுவனத்தில் இரண்டே பேர் இருந்தார்கள் என்று ராய்ட்டர்ஸ் 2018இல் வெளிப்படுத்தியது. அந்நாட்டில் இரண்டு விதமான எழுத்துரு முறைகள் புழங்கியதால் இயந்திரமும் தடுமாறியது. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். ஐநா உண்மை அறியும் குழு 2018இல் பேஸ்புக்கின் பங்கைக் குறிப்பிட்டது. போதுமான அளவு செய்யவில்லை என்று அந்த ஆண்டு நவம்பரில் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

சட்டம் எங்கே நிற்கிறது

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆவது பிரிவு, பயனர் போடும் பதிவுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்கிறது, சில நிபந்தனைகளோடு. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், ‘புண்படுத்தும்’ செய்திக்கெல்லாம் கைது செய்ய வழி தந்த 66ஏ பிரிவை ரத்து செய்தது. நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிப்போ வந்தால்தான் நிறுவனம் நீக்கக் கடமைப்பட்டது என்றும் விளக்கியது. சரியான தீர்ப்பு என்பதே என் கருத்து. யார் புகார் செய்தாலும் நீக்கு என்று வைத்தால், செல்வாக்குள்ளவர் புகார்தான் முதலில் வரும்.

அந்தச் சட்டத்தின் கீழ் 2021 பிப்ரவரி 25 அன்று வந்த விதிகள் 50 லட்சத்துக்கு மேல் பயனர் உள்ள தளங்களுக்கு இந்தியாவில் வசிக்கும் குறைதீர் அலுவலர் வேண்டும் என்றன. புகாரை 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும். 15 நாளில் முடிக்க வேண்டும் என்று அப்போது கெடு வைத்தன. விதிகளும் கெடுக்களும் திருத்தப்பட்டு வருவதால், புகார் செய்யும் நாளில் நடப்பு விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது. அலுவலர் பதிலில் நிறைவில்லை என்றால் மேல்முறையீட்டுக்கு 2023இல் மத்திய அரசு குழுக்களை அமைத்தது. 30 நாளுக்குள் இணையவழியே முறையிடலாம், கட்டணம் இல்லை. இந்த வழி இருப்பதே பலருக்குத் தெரியாது.

பதிவிட்டவர் மீதான குற்ற நடவடிக்கை தனி. சாதி, மதம், மொழி முதலியவற்றின் பேரில் பகையை வளர்ப்பது நியாய சன்ஹிதாவின் 196ஆவது பிரிவில் வருகிறது. மின்னணு வழியும் அதில் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. 3 ஆண்டு வரை சிறை, வழிபாட்டிடத்தில் என்றால் 5 ஆண்டு வரை. வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க அரசின் முன் அனுமதி வேண்டும். எப்ஐஆர் போட்ட பல வழக்குகள் பிறகு நகராமல் கிடப்பதற்கு இது ஒரு காரணம். புகார் வராவிட்டாலும் காவல்துறை தானாகவே வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது எழுத்தாலோ பேச்சாலோ வெறுப்பை வளர்ப்பது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். உதவி எண் 14566.

வாட்ஸ்அப் குழு அட்மின்கள் அடிக்கடி கேட்பது: உறுப்பினர் போட்டதற்கு நான் உள்ளே போவேனா? அட்மினாக இருந்ததைத் தவிர வேறு பங்கு இல்லையென்றால் வழக்கிலிருந்து பெயரை நீக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொன்னது. சேர்ந்து பேசியிருந்தால் அது வேறு.

புகார் எடுபட

வெறும் பொத்தானை அழுத்துவதைவிட, குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்பும் புகார் வலுவானது. அதில் பதிவின் இணைப்பு, கணக்கின் பெயர், தேதி நேரம் தெரியும் திரைப்பிடிப்பு வேண்டும். அதைவிட முக்கியம் விளக்கம். அந்தச் சொல் நம் ஊரில் யாரைக் குறிக்கிறது, அந்த வண்ணங்கள் எதைக் குறிக்கின்றன, எந்த விழாவை ஒட்டிப் போடப்பட்டது என்று நான்கு வரி எழுதுங்கள். படிக்கிறவருக்குத் தெரியாதது அதுதான். காணொளியைச் சேமித்துக்கொள்ளுங்கள், ஆனால் கண்டிப்பதற்காகக்கூடப் பகிராதீர்கள். வாட்ஸ்அப்பில் செய்திகள் மறைகுறியாக்கப்பட்டவை. நீங்கள் புகார் செய்தால் மட்டும் கடைசி 5 செய்திகள் நிறுவனத்துக்குப் போகும். காவல்துறைக்குப் போகிறீர்கள் என்றால் அழிப்பதற்கு முன் மூலக் கோப்பு இருக்கும் கைபேசியைப் பத்திரப்படுத்துங்கள். மின்னணுச் சான்றுக்கு நீதிமன்றத்தில் சான்றிதழ் கேட்பார்கள்.

இவ்வளவையும் ஒரு கிராமத்தில் பாதிக்கப்பட்டவரே செய்ய வேண்டியிருப்பது அநியாயம். தளத்தில் செய்யும் புகாரில் பெயர் எதிராளிக்குப் போவதில்லை. ஆனால் காவல் நிலையப் படியேறியவர் யார் என்பது ஊருக்கு மாலைக்குள் தெரிந்துவிடும். ஆகவே தெருவுக்கு வெளியே உள்ள வழக்கறிஞர்கள், ஆசிரியர்கள், மாற்றுச் சாதி நண்பர்கள் முன்வந்து புகார் கொடுப்பதில் பெரிய பலன் இருக்கிறது. வெறுப்புப் பதிவைப் பற்றித் தளத்தில் யார் வேண்டுமானாலும் புகார் செய்யலாம்.

எண்ணிக்கை எங்கே

இந்திய விதிப்படி பெரிய தளங்கள் மாதந்தோறும் அறிக்கை வெளியிடுகின்றன. எத்தனை புகார், எத்தனை நீக்கம் என்று இருக்கும். தமிழில் எத்தனை, அவற்றை எத்தனை தமிழ் தெரிந்தவர்கள் பார்த்தார்கள், மேல்முறையீட்டில் எத்தனை முடிவுகள் மாறின என்பதைச் சொல்லும்படி விதி கேட்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ணியல் சேவைச் சட்டமோ, அங்குள்ள ஒவ்வோர் அலுவல் மொழிக்கும் எத்தனை மட்டுறுத்துநர்கள் என்று மிகப் பெரிய தளங்களைச் சொல்லவைக்கிறது. சில லட்சம் பேர் பேசும் மால்டா மொழிக்குக்கூட அந்தக் கணக்கு கிடைக்கிறது. தமிழுக்கு அதே கணக்கை வாங்க, மேலே சொன்ன 2021 விதிகளில், மாதாந்திர அறிக்கை பற்றிய 4ஆவது விதியில் மொழிவாரியாக என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். அதை நாடாளுமன்றத்தில் கேட்கச் சொல்லி நம் தொகுதி உறுப்பினருக்கு எழுதலாம்.